ஒடித்து எழுதிய கடிதம்

அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல் வரும். அம்மா மேல் இல்லை. கமலாக்ஷி அக்கா மேல்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் ஃபோன் இல்லை, கடிதம்தான். அதே வீட்டில் சமைப்பவள்தான் கமலாக்ஷி அக்கா. கொச்சியில், மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்காரி. அம்மாவுக்கு நீளமான சொற்களை வாசிக்க வராது. அதனால் என் கடிதத்தை அக்காதான் சத்தமாக வாசித்துக் காட்டுவாள்.

ஒருமுறை, "இடி இடிச்சா பயமா இருக்கும்மா" என்று எழுதிவிட்டேன். அக்கா அதை ஃபோனில் தன் வீட்டுக்குச் சொன்னாள். அவ்வளவுதான், தெரு முழுக்கப் பரவிவிட்டது. மீன்காரர்கூட என்னைப் பார்த்து, "பொன்மணி, இன்னிக்கு இடி இல்லை. தைரியமா வா!" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து, "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதுவதோடு சரி. சொல்ல நினைப்பதை எழுதவே மாட்டேன்.

அம்மா எழுத்தே தெரியாதவள் இல்லை. நான் ஒன்றாம் வகுப்பில் படித்தபோது என்னோடு சேர்ந்து படித்தாள். சமையலுக்கு நீளப்பயற்றங்காய் ஒடித்துக்கொண்டே வாசிப்பாள். 'பள்' என்று ஒரு துண்டு ஒடிப்பாள். 'ளிக்' என்று இன்னொன்று. 'கூ', 'டம்'. சொல்லும் முடியும், பயறும் முடியும்!

அதை நினைத்தபோதுதான் யோசனை வந்தது. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அம்மாவுக்குப் புத்தக எழுத்துதான் பழக்கம். சனிக்கிழமை சேவியர் சேட்டனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கல்யாணக் கார்டு அடிக்கும் கடை. சேட்டனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ்க் கார்டு வந்தால், சுவரில் ஒட்டிய எழுத்துப் படத்தைப் பார்த்து அப்படியே அடிப்பார். ரகசியம் எழுத இதைவிட நல்ல இடம் உண்டா?

படத்தைப் பார்த்துத் தேடித் தேடி அடித்து முடித்தேன்.

"சேட்டா, வார்த்தையைத் துண்டு துண்டாப் பிரிக்கணும். முடியுமா?"

"பின்னே! அதுக்குன்னே ஒரு வித்தை உண்டு" என்று எதையோ அழுத்தினார்.

கம்ப்யூட்டர் வரிக் கடைசியில் இருந்த சொற்களை மட்டும் உடைத்தது. அதையாவது ஒழுங்காகச் செய்ததா? 'போ'வின் கொம்பை மேல் வரியில் விட்டுவிட்டு, மிச்சத்தைக் கீழே தள்ளிவிட்டது.

"ஐயோ சேட்டா, கொம்பு மட்டும் தனியா நிக்குது!"

"அது இங்கிலீஷ் படிச்சது மோளே. இது தமிழ்னு அதுக்குத் தெரியாது."

எனக்கு அழுகை முட்டியது. இதை அம்மா எப்படி வாசிப்பாள்? மறுபடியும் அக்காவிடம்தானே கொடுப்பாள்?

அம்மா எங்கே ஒடிப்பாள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அம்மா ஒடிக்கும் இடத்தில் எல்லாம் சின்னக் கோட்டைத் தட்டினேன்.

"என்ன முணுமுணுப்பு?"

"பயறு ஒடிக்கிறேன் சேட்டா."

சேட்டன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாயா குடிக்கப் போனார்.

"அம்-மா, இ-தை நீ-யே வா-சி. நான் கு-ளிக்-கும்-போ-து அ-ழு-கி-றேன். அப்-பா-வுக்-குத் தெ-ரி-யா-து. உன் த-லை-ய-ணை-யில்-தான் தூங்-கு-கி-றேன். எப்-போ-து வ-ரு-வாய்?"

அனுப்பிய பிறகு தினமும் தபால்காரரை வழிமறித்தேன். இரண்டு வாரத்தில் கமலாக்ஷி அக்கா வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. "உன் லெட்டரை உங்கம்மா பேச்சி, கமலாக்ஷி கையில குடுக்கவே மாட்டேங்கிறாளாம். அப்படி என்னடி எழுதினே?"

நான் வாயைத் திறப்பேனா?

மூன்றாவது வாரம் பதில் வந்தது. கோணல்மாணலான எழுத்து. அம்மா எழுத்தேதான்!

"நா-னும் கு-ளிக்-கும்-போ-து-தான். யா-ரி-ட-மும் சொல்-லா-தே. ஓ-ணத்-துக்-கு வ-ரு-கி-றேன்."

எத்தனை முறை வாசித்தேனோ, கணக்கே இல்லை.

அப்பா நகராட்சி வேலை முடிந்து வந்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும்.

"அம்மா என்ன எழுதியிருக்கா, மோளே?"

"நலமாம்ப்பா. ஓணத்துக்கு வர்றாங்களாம்!"

அப்பா தலை துவட்டுவதை நிறுத்தினார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

நான் கடிதத்தை மடித்து அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தேன்.