ஓக் மரத்தில் ஒரு மஞ்சள் துணி

"பொழுது சாயுறதுக்குள்ள இறங்கிடணும், தில்னாஸ்! அப்புறம் அந்தக் குன்று நம்மளது இல்ல!" என்று எச்சரித்தாள் தளபதி ஜிந்தா.

சிரியாவின் வடக்கே, குர்துகள் தலைமை தாங்கிய அந்தக் கிளர்ச்சிப் படைக்கு எல்லாப் பக்கமும் நெருக்கடி. ஒருபுறம் அரசுப் படை, மறுபுறம் கறுப்புக் கொடி ஏந்திய மதத் தீவிரவாதிகள், எல்லைக்கு அப்பாலிருந்து அண்டை நாட்டுப் பீரங்கிகள். யாரோடு யாருக்குச் சண்டை என்பது வாரத்துக்கு வாரம் மாறியது. இப்போது அரசுப் படையோடு ஒப்பந்தம். அந்திக்குள் குன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆனால் உச்சிக் குகையில் தனியே காவலிருந்த செர்ஹத்திடமிருந்து சில நாட்களாகத் தகவல் இல்லை. அவன் தில்னாஸின் அண்ணன். எப்படியிருந்தாலும் அவனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவள் கிளம்பிவிட்டாள்.

கூட இருவர். கண்ணிவெடி எடுப்பதில் கெட்டிக்காரனான அரபு இளைஞன் நாயிஃப். அவனுக்கு வாய் ஓயாது. இன்னொருத்தி செவிலி ஷிலான்.

குன்றெங்கும் கண்ணிவெடிகள். புதைத்தவனே செர்ஹத்தான்! தன் ஆட்களுக்கு வழி தெரிய, அம்மாவின் பழைய மஞ்சள் பூப்போட்ட அங்கியைக் கிழித்துப் புதர்களில் கட்டியிருந்தான். அந்தப் பக்கத்தில் மகான்களின் கல்லறை மரங்களில் வேண்டுதலுக்குத் துணி கட்டுவார்கள். எதிரி பார்த்தாலும் வேண்டுதல் துணியென்றே நினைப்பான்.

"எங்கம்மா துணியில கை வெச்சிருந்தா என் தோலை உரிச்சிருப்பா!" என்றான் நாயிஃப்.

"எங்கம்மாவும் உரிச்சா," என்று தில்னாஸ் சிரித்தாள். "மிச்சத் துணியைப் பிடுங்கிப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டா."

பாதி மலைவரை துணிகள் வழிகாட்டின. அதற்கு மேல் பீரங்கித் தீயில் புதர்களெல்லாம் கருகிக் கிடந்தன. நாயிஃப் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி நகர்ந்தான். தலைக்கு மேல் டிரோன் இரைந்தபோது மூவரும் சாம்பலில் குப்புற விழுந்தார்கள்.

குகை காலி! போர்வை மடித்தபடி இருந்தது. வாக்கிடாக்கி செத்துக் கிடந்தது. தண்ணீர் கேன் மட்டும் இல்லை.

"தண்ணி எடுக்க இறங்கியிருக்கான்," என்றாள் தில்னாஸ்.

வெளியே வந்த ஷிலான் மேற்குச் சரிவைக் காட்டினாள். "அதோ, மஞ்சள்!"

கீழே, ஒரு பழைய கல்லறையருகே ஓக் மரம். கிளையில் மஞ்சள் துணி. மரத்துக்குச் சற்று மேலே யாரோ கிடந்தார்கள்.

"அண்ணா!" ஓடப் பார்த்தவளை நாயிஃப் இடுப்புவாரைப் பிடித்து இழுத்தான்.

"நில்லு தங்கச்சி! அது வழி இல்ல!"

அவன் மரம்வரை தவழ்ந்து சென்று வழியிலிருந்த வெடிகளைத் தோண்டியெடுத்தான். அவன் கை உயர்த்தியதும் அவள் அவனுடைய தடத்திலேயே இறங்கினாள். வெடித்த பள்ளத்தருகே செர்ஹத் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் கேன். தில்னாஸ் அவன் தலைமுடியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

"புதைச்சவனே எப்படி இங்க வந்தான்?" என்று முணுமுணுத்தான் நாயிஃப்.

தில்னாஸ் மரத்தைப் பார்த்தாள். அதே அங்கி, அதே பூ. ஆனால் மூன்று முடிச்சு. செர்ஹத் ஒரு முடிச்சுதான் போடுவான். அந்தப் பக்கத்தில் மூன்று முடிச்சு, பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளும் தாய் போடுவது. போன மாதம் அம்மா பெட்டியைத் திறந்ததும், "உங்கண்ணன் வழி தவறாம வரணும்" என்று சொல்லிப் புறப்பட்டதும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. ஊர்ப்பக்கமிருந்து வந்தால் மரம்வரை ஆபத்தில்லை. மலைப்பக்கமிருந்து வந்தால் வெடி. புதரெல்லாம் கருகிய சரிவில், தான் கட்டிய அடையாளம் என்று நம்பி அவன் இந்தத் துணியை நோக்கி இறங்கியிருக்கிறான்.

அவள் முடிச்சுகளை அவிழ்த்துத் துணியைச் சட்டைப்பைக்குள் திணித்தாள். ஷிலான் குகையிலிருந்த போர்வையோடு அதே தடத்தில் இறங்கி வந்தாள்.

அதில் செர்ஹத்தைச் சுமந்து, மரத்தைக் கடந்து ஊருக்குள் இறங்கினார்கள். பின்னால் அரசுப் படை வண்டிகள் குன்றேறிக்கொண்டிருந்தன. ஊரே திரண்டு குலவையிட்டது. போரில் மாண்ட வீரனை அங்கே அப்படித்தான் வீட்டுக்கு அழைப்பார்கள்.

அம்மா மகனின் முகத்தைத் துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மரத்துல நான் கட்டின துணி இருந்துச்சாடி?"

"இல்லம்மா. காத்து கொண்டுபோயிருக்கும்."

"அதான். அது இருந்திருந்தா எம்புள்ள வழி தவறியிருக்க மாட்டான்."

தில்னாஸ் பைக்குள்ளிருந்த கையை வெளியே எடுக்கவில்லை.