மரத்துப் போகாத விரல்

அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தபோது, வலது கையின் நான்கு விரல்களுக்கு உயிர் வந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் செத்துக் கிடந்தது.

மருத்துவர் பஞ்சுத் துணுக்கால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கட்டைவிரலில் தெரிந்தது. ஆள்காட்டி விரலில் தெரிந்தது. நடுவிரலில் பஞ்சு பட்டதும் இவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக யாருடைய விரல்களோ போலக் கையில் ஒட்டிக்கொண்டு, தூக்கத்தில் ஊசி ஊசியாகக் குத்தி எழுப்பி, எழுந்து உதறு உதறென்று உதற வைத்த விரல்கள் அவை. இப்போது தன் விரல்களாகத் திரும்பி வந்திருந்தன.

“கடைசி விரலையும் தொட்டுப் பாருங்க டாக்டர்.”

“தொட்டுட்டுத்தாம்மா இருக்கேன்.”

குனிந்து பார்த்தாள். பஞ்சு சுண்டுவிரல் நுனியில் நன்றாக அழுந்தியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் ஊசி முனையை வைத்தார். அதுவும் தெரியவில்லை. பிரித்துப் போட்ட கட்டுத்துணியிலிருந்து மருந்து நெடி வர வேண்டிய இடத்தில், கஞ்சி போட்ட ஈரத்துணி சூட்டில் கருகுகிற வாடை லேசாக வந்தது. மருத்துவருக்கு அது வந்ததாகத் தெரியவில்லை.

“இது மரக்க வாய்ப்பே இல்லம்மா” என்றார் அவர். “மணிக்கட்டுல ஒரு நரம்பை ஒரு பட்டை அழுத்திக்கிட்டிருந்துச்சு. அந்தப் பட்டையைத்தான் வெட்டிவிட்டோம். அந்த நரம்பு கட்டைவிரலுக்கும் அடுத்த ரெண்டு விரலுக்கும், மோதிர விரல்ல பாதிக்கும் போகும். அவ்வளவுதான். சுண்டுவிரலுக்குத் தனி நரம்பு, தனி வழி. முதல் நாளே சோதிச்சு, ரிப்போர்ட்ல ரெண்டாம் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன் பாருங்க, அதுல உணர்வு முழுசா இருக்குன்னு.”

“எழுதி வச்சிருக்கீங்களா?”

“ஆமா. நீங்க வேலைக்குத் திரும்பும்போது இந்த ரிப்போர்ட்தானே உங்க ஆபீசுக்குப் போகும்.”

இவளுக்கு விரலைவிட அந்த இரண்டாம் பக்கத்து வரிதான் இப்போது பெரிய கவலையாகிவிட்டது.

காரணம் இருந்தது. பதினோரு வருடமாக இவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஈர விரிப்பை விழுங்கி மறுபக்கம் மொடமொடவென்று வெளியே தள்ளும் சூட்டு உருளை ஒன்று அங்கே உண்டு. அதன் முன்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்று, “ஒண்ணு, ரெண்டு, மூணு, விடு” என்று எண்ணி ஒரே நேரத்தில் துணியை உள்ளே விட வேண்டும். எண்ணிக்கை தப்பினால் துணி கோணிக்கொள்ளும். இவளுக்கு எதிர்முனையில் நின்றவள் நெட்டை. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆள் உயரம், கை அதைவிட நீளம், வாய் எல்லாவற்றையும்விட நீளம்.

உருளைக்கு முன்னால் விரல்களைக் காக்க ஒரு கம்பி இருக்கிறது. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் தொல்லை. மணிக்குப் பத்து தடவை நின்றால் வேலை ஓடுமா? அதனால் கிழிந்த துணியால் அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டு வேலை பார்ப்பதும், மேற்பார்வையாளர் தலை தெரிந்ததும் அவிழ்ப்பதும் அங்கே எல்லோருக்கும் கைவந்த கலை. கட்டிவிட்ட பிறகு, நிறுத்துவதற்கு மிச்சம் இருப்பது இவள் பக்கத்துச் சிவப்புப் பொத்தான் ஒன்றுதான்.

லீடர் வேலை காலியானது. இவளா நெட்டையா என்று பேச்சு. அப்போதுதான் நெட்டை மேற்பார்வையாளரிடம் சொன்னாள்: “அவ கை போச்சு சார். அழுக்குத்துணி ரூமுக்கு மாத்திடுங்க. பாவம்.” இவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். போட்டி போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அதுதான் வயிற்றில் தீயை வைத்தது.

அதற்கு மூன்றாம் நாள் நெட்டையின் பக்கம் துணி கோணியது. நீவிவிடக் கை நீட்டினாள். கம்பி தூக்கிக் கட்டியிருந்தது; கை துணியோடு உருளைக்குள் போனது. இவள் கை உடனே பொத்தானுக்குப் போனதும் உண்மை. மற்ற விரல்கள் மரத்துக் கிடந்தாலும், சுண்டுவிரலுக்கு அந்தப் பொத்தானின் வட்டம், விளிம்பு, அது நடுங்குகிற நடுக்கம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அதற்குப் பிறகுதான் அழுத்தினாள். அந்த நாலு எண்ணும் வரை நெட்டை கத்தவில்லை. பொத்தான் மேல் இருந்த கையைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் மூடினாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்.

விசாரணையில், “அஞ்சு விரலும் மரத்துக் கிடந்துச்சு சார், பொத்தான் எங்க இருக்குன்னே தெரியல” என்று இவள் அழுதாள். எல்லோரும் தேற்றினார்கள். கையைச் சரி செய்துகொண்டு வா, லீடர் வேலை உனக்குத்தான் என்றார்கள். அழுகையில் பாதி நிஜம்தான். மறுபாதியில், உள்ளுக்குள் எங்கோ, யாரு பாவம் இப்ப என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் பகலெல்லாம் இவள் தனி. கணவன் பேருந்து ஓட்டுநர். விடியலில் போனால் மாலையில்தான் வருவான். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தாள். பந்தை மெல்ல அழுத்துவது, தழும்பில் எண்ணெய் தேய்ப்பது, பிறகு கட்டைவிரல் நுனியால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவது. ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல் எல்லாம் மெத்தென்று தன் சதையாகவே இருந்தன. சுண்டுவிரலைத் தொட்டதும் கட்டைவிரல் திடுக்கிட்டது.

அது காய்த்துப்போன விரல். நகம் நீளம். நகக்கண்ணில் ஒரு வெடிப்பு. கட்டைவிரலைக் கீழே நகர்த்தினாள், நகர்த்த நகர்த்த விரல் முடிகிற பாடில்லை. கண்ணுக்குத் தெரிந்ததோ தன்னுடைய குட்டைச் சுண்டுவிரல், ஒட்ட வெட்டிய நகத்தோடு. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொட்டாள். அந்த நீள விரல் மெதுவாக மடங்கி, கட்டைவிரலைக் கோத்துப் பிடித்தது. சூடாக இருந்தது.

அன்று மாலை கணவனிடம், “என் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்களேன்” என்றாள்.

அவன் பிடித்து ஆட்டிப் பார்த்தான். “நல்லாத்தானே இருக்கு. இத்தனை நாளா சும்மா உட்கார்ந்திருக்கேல்ல, மனசு இல்லாததையெல்லாம் யோசிக்குது. வேலைக்குப் போ, எல்லாம் சரியாயிடும்.”

கை தேறத்தான் செய்தது. பொத்தான் மாட்ட வந்தது. தலை வார வந்தது. ஆறாவது வாரம் துண்டைப் பிழிந்து பார்த்தாள். உள்ளங்கை அடியில் வலி சுருக்கென்றது, ஆனாலும் தண்ணீர் சொட்டியது. பாதி பிழிகையில் துண்டின் மறுநுனி எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டது, ஒத்தாசைக்கு ஆள் நிற்பது போல. துண்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள். குளியலறைக்குள் வாளியில் நீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிழிந்து முடிக்கிற வரை கேட்டது.

மேற்பார்வையாளர் போன் செய்தார். “திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்கம்மா. பத்து விரிப்பு கோணாம விட்டுக் காட்டுங்க, அன்னிக்கே லீடர்னு போட்டுடலாம். டாக்டர் ரிப்போர்ட் மறந்துடாதீங்க.”

போனை வைத்ததும் முதல் வேலையாக அந்த இரண்டாம் பக்கத்தைக் கிழித்தாள். எட்டாக, பதினாறாகக் கிழித்து, காய்கறித் தோலோடு கலந்து, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். மாலையில் கணவன் இவள் பையில் சாவியைத் தேடியவன் சிரித்தான்.

“டாக்டர் சீட்டைக்கூட இஸ்திரி போட்டு வச்சிருக்கியே. உன் லாண்டரி புத்தி எங்க போகும்!”

அவன் கையில் இரண்டாம் பக்கம். ஒரு கிழிசல் இல்லை. விரிப்பை மடிப்பது போல நான்காக, ஓரத்தோடு ஓரம் ஒட்டி மடித்திருந்தது. வாங்கியபோது சுட்டது.

இவளுக்குப் பயத்தைவிட முதலில் கோபம்தான் வந்தது. செத்தும் விட மாட்டாளா? இருக்கும்போது வாயால் கெடுத்தாள், இப்போது இப்படியா? கணவன் தூங்கிய பிறகு சமையலறையில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, “நான்தான்டி லீடர்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே போய்விட்டாள். மற்றவர்கள் வருமுன் நாலு துணி விட்டுப் பார்த்துவிட வேண்டும். கை தடுமாறினால் யாரும் பார்க்கக் கூடாது. உயர ஜன்னல்கள் வழியாகக் காலை வெயில் தூசியோடு சரிந்து விழுந்தது. சலவைத்தூள் நெடி, ஈரச் சிமெண்ட் தரை, குழாய்களுக்குள் ஆவி முனகுகிற சத்தம் எல்லாம் பழையபடியே இருந்தன.

“வாங்கக்கா! கை தேறிடுச்சா?” என்றார் பாய்லர்காரர். “ரோலர் சூடாயிடுச்சு. போட்டுப் பாருங்க, நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன்.”

அவர் போய்விட்டார். பொத்தானுக்கு அருகில் தன் பழைய இடத்தில் நின்று, ஒரு தலையணை உறையை விட்டாள். கை விறைத்துத் தாழ்ந்து கம்பியில் இடித்தது. உருளை நின்றது. மறுபடி ஓட்டினாள். மறுபடி இடித்து நின்றது. எட்டு மணிக்கு இப்படி நின்றால் லீடர் வேலை கனவுதான். எரிச்சலோடு கீழே கிடந்த கிழிசல் ஒன்றை எடுத்து, கம்பியைத் தூக்கிக் கட்டினாள். பழகின கைக்கு அரை நிமிட வேலை. அதன்பின் உறைகள் வழுக்கிக்கொண்டு போயின. ஆறு, ஏழு, எட்டு. எத்தனை நாள் கழித்து! இவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

வண்டியிலிருந்து ஒன்பதாவது உறை என்று இழுத்தது பெரிய விரிப்பாக இருந்தது. தனியாக விட முடியாது, திரும்பப் போடலாம் என்று நினைத்தாள்.

மறுமுனை எழுந்தது.

தரையிலிருந்து மெல்ல, நேராக, இவள் தோளுக்கும் மேலே. நெட்டை பிடிக்கிற உயரத்துக்கு. நடுவில் துணி விறைத்து நின்றது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. வெயில் மட்டும். தூசி மட்டும்.

கருகல் வாடை.

“ஒண்ணு.”

விட்டுவிடப் பார்த்தாள். நான்கு விரல்களும் விட்டன. சுண்டுவிரல் துணியின் மடிப்புக்குள் கொக்கியாக மாட்டியிருந்தது.

“ரெண்டு.”

“யாராவது வாங்களேன்!” என்று கத்தினாள். ஆவிச் சத்தம் அதை விழுங்கியது. துணி நகர்ந்தது. கை நகர்ந்தது. கட்டின கம்பி கைக்கு மேலே சும்மா இருந்தது.

“மூணு.”

இடது கை பொத்தானுக்குப் பாய்ந்தது. தொட்டது. வட்டம் தெரிந்தது. விளிம்பு தெரிந்தது. நடுக்கம் தெரிந்தது. அழுத்து. அழுத்து.

அழுத்தவில்லை. இவள் கைதான். இவள் சொன்னதைக் கேட்கவில்லை. பொத்தான் மேல் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

சூடு விரல் நுனிகளைத் தொட்டது. ஒவ்வொன்றும் தெரிந்தது. நரம்பு நரம்பாக, இத்தனை நாள் ஏங்கியது போலவே, முழுசாகத் தெரிந்தது.

“நாலு.”

அதோடு முடியவில்லை. குரலில் அவசரமே இல்லை.

“அஞ்சு. ஆறு.”

உருளைக்கு அந்தப் பக்கம், துணி வெளியே வரும் இடத்தில், இரண்டு நீளக் கைகள் உள்ளங்கையை விரித்தபடி காத்துக்கொண்டிருந்தன, வருவதை வாங்கி மடிக்க.