பச்சை மண்ணில் கைநாட்டு

மூன்றாவது நாளும் அந்தப் போனை எறும்பு மொய்த்திருந்தது.

டெய்சி சாப்பாட்டுப் பையிலிருந்து அதை எடுத்து உதறினாள். சிற்றெறும்புகள். போன் முழுக்க இல்லை. பூட்டைத் திறக்கக் கட்டைவிரல் வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டளவுக்குக் குவிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எதையோ நக்கிக்கொண்டிருந்தன. சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள். தித்திப்பு வாசனை, அதற்கு அடியில் வெற்றிலை எச்சில் காய்ந்த நாற்றம். சீ! குழம்பு ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காரக்குழம்பு எந்த ஊரில் தித்திக்கும்?

அது பேசுகிற போன் இல்லை. பேசுவதற்குத் தனியாக ஒரு பட்டன் போன் வைத்திருந்தாள். குவைத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் வளன், மங்கலம்பேட்டைச் சிநேகிதர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, ஆறு வருடமாகக் கிரிப்டோ காசு வாங்கிச் சேர்த்தான். அந்தக் காசு கிடக்கும் வாலட் ஆப்பை இந்தப் போனில் போட்டு, போன முறை வந்தபோது அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மகள் அனிஷாவின் இதய ஆபரேஷனுக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. வரும் திங்கட்கிழமை சென்னையில் சேர்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை, நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரித்துவிடுகிறது.

"இதுல வேற எதையும் ஏத்தாத. லிங்க்கு எதுனா வந்தா தொடாத. பஸ் ஸ்டாண்டு வைஃபைல போடாத. பன்னெண்டு வார்த்த எழுதன பேப்பர போட்டோ புடிக்காத" என்று வளன் கிளம்பும்போது வாசலில் நின்றுகூட ஒருமுறை ஒப்பித்தான். டெய்சி பத்துக் கட்டளையைப் போல அத்தனையையும் கடைப்பிடித்தாள். போனே தொலைந்தாலும் காசை மீட்க உதவும் அந்தப் பேப்பர் வீட்டில் அந்தோணியார் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. வீட்டுப் பூட்டை நம்பாமல் போனைத் தினமும் வேலைக்குக் கூடவே கொண்டுவந்தாள். அதன் பூட்டுக்குத் தன் வலது கட்டைவிரலைப் பதிந்து வைத்திருந்தாள். விரலை எவன் திருடப்போகிறான்?

பீங்கான் பேட்டையின் கடைசி ஷெட்டில் அவளுக்குக் கொலுபொம்மை சீவும் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் பிசிறைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, அடியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி வைக்க வேண்டும். எந்தப் பொம்மை யார் கைவேலை என்று பின்னால் தெரிவதற்காக. "கைநாட்டு வச்சாச்சா?" என்று கேட்காமல் ஒரு பலகையும் அங்கிருந்து நகராது. டெய்சியின் கைநாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. சின்ன வயதில் கரும்பு சீவும்போது அரிவாள் பட்ட தழும்பு, ரேகைக்குக் குறுக்கே பிறை மாதிரி விழுந்திருக்கும். செட்டியார், யானை, கிருஷ்ணர் என்று எத்தனை ஆயிரம் பொம்மைக்கு அடியில் அந்தப் பிறை போயிருக்கிறதோ!

அச்சு மேஸ்திரி ஆதிநாராயணன் சூளையிலிருந்து வந்த பொம்மைகளைத் தலைகீழாகப் பிடித்து, வெற்றிலைச் சாறு ஊறிய வாய்க்குள் தன் விரலை முக்கி எடுத்து, கைநாட்டின் மேல் தேய்த்துப் பார்ப்பார். தூசி போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருப்பார். கர்மம்! பார்க்கச் சகிக்காமல் டெய்சி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டு வாரமாகவே போன் அடிக்கடி பூட்டிக்கொண்டிருந்தது. கைரேகை பொருந்தவில்லை, பலமுறை முயன்றுவிட்டீர்கள் என்றது. அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணிலும் உப்புத்தாளிலும் தேய்ந்த விரல், ரேஷன் கடை மிஷினே அதை எடுக்காது. போன சனிக்கிழமைதான் மேஸ்திரி ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சு ஜெல்லி கொண்டுவந்து நீட்டினார்.

"பேத்திக்குப் பண்ணது மீந்துபோச்சு. சாப்புடுறியாம்மா?"

மறுக்க முடியாமல் ஒரு துண்டை வாயில் போட்டாள். வழவழவென்று இருந்தது. நாக்கில் வரிவரியாக என்னமோ தட்டுப்பட்டது. மெல்லாமல் விழுங்கிவிட்டாள்.

அதன் பிறகு போன் பூட்டிக்கொள்வது நின்றது. எறும்பு வர ஆரம்பித்தது.

இன்னொன்றும் ஆரம்பித்தது. அதை யாரிடமும் அவளால் சொல்ல முடியவில்லை. காலை பதினோரு மணி வாக்கில், மற்ற பெண்கள் டீக்குப் போன நேரத்தில், அவளுடைய வலது கட்டைவிரல் சூடாகி ஈரமாகும். வெளியே பார்த்தால் காய்ந்த மண்தான் ஒட்டியிருக்கும். உள்ளுக்குள் மட்டும், யாரோ அதை வாய்க்குள் வைத்து நாக்கால் துழாவுகிற மாதிரி. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த அருவருப்பு போகவில்லை. ராத்திரி சோற்றை இடது கையால் பிசைந்தாள். "ஏம்மா அந்தக் கைல சாப்புடுற?" என்று அனிஷா சிரித்தாள்.

மறுநாள், வியாழக்கிழமை, மழை மூட்டம். ஷெட்டுக்குள் பகலிலேயே இருட்டு. ஈர மண்ணும் சூளைப் புகையும் சேர்ந்த கனத்த வாசனை தொண்டையில் படிந்து நின்றது. பெண்கள் டீக்குப் போய்விட்டார்கள். தகரக் கூரையில் தூறல் விழும் சத்தத்துக்கு நடுவே பட்டன் போன் அடித்தது. வளன்.

"டெய்சி, நேத்து பதினோரு மணிக்கு எதுனா அனுப்புனியா?"

"நானா? இல்லிங்களே."

"வாலட்டுலேர்ந்து கொஞ்சூண்டு வெளிய போயிருக்குது. ஒழுங்கா போவுதான்னு எவனோ அனுப்பிப் பாத்திருக்கான். நீ ஒடனே வூட்டுக்குப் போயி அந்தப் பேப்பர எடு. அவன் முழுசா எடுக்கறதுக்குள்ள எல்லாத்தையும் வேற வாலட்டுக்கு மாத்தியாவணும். போனு ஒங்கிட்டதான இருக்குது?"

"இருக்குதுங்க. பையிலதான்."

முதுகுக்குப் பின்னால் சுவர் ஆணியில் பை தொங்கியது. கைவிட்டுத் துழாவினாள். சாப்பாட்டு டப்பா. தண்ணீர் பாட்டில். ஜெபமாலை.

போன் இல்லை.

அவள் கையில் எறும்பு ஏறியது. பையிலிருந்து ஆணிக்கு, ஆணியிலிருந்து சுவருக்கு என்று ஒரு சாரை போய்க்கொண்டிருந்தது. காயும் பொம்மைகளின் வரிசையைத் தாண்டி, ஈரத் தரையைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகவே போய் அச்சு அறையின் கதவுக்கு அடியில் நுழைந்தது.

"டெய்சி? டெய்சி!" வளனின் குரல் இடுப்புக்குப் பக்கத்தில் கேட்டது. கை தானாகத் தாழ்ந்திருந்தது.

கட்டைவிரல் சூடானது.

நடந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தித்திப்பு நாற்றம். வெற்றிலை நாற்றம். யாரோ சப்புக்கொட்டும் சத்தம்.

தள்ளினாள்.

ஆதிநாராயணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய போன். மேஜைமேல் இரண்டாகப் பிளந்த ஒரு சின்ன அச்சு. அவர் விரல்களுக்கு நடுவே, ஆரஞ்சு நிறத்தில், நடுங்கிக்கொண்டு, ஒரு கட்டைவிரல். குறுக்கே பிறை.

அவள் நாக்கு அந்த வரிகளை நினைத்துக்கொண்டது. கடவுளே, அன்றைக்குத் தின்றது இதையா!

அவர் பதறவில்லை. வேலையைப் பற்றிப் பேசுகிற அதே குரல்தான்.

"சூளையில வெந்தா மண்ணு சுருங்கிடுதும்மா. வெரலு சின்னதாப்பூடுது, போனு தொறக்கல. ரெண்டு வாரம் அதுலயே போச்சு. பச்சையில இருக்கச்சொல்லோ ஒங் கைநாட்ட அச்சு எடுத்தாத்தான் அளவு சரியா வருது."

ஜெல்லி விரலைப் போனில் வைத்து அழுத்தினார்.

டிங்.

திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக். அனுப்பியாகிவிட்டது. முழுசாக. ஆறு வருடம். திங்கட்கிழமை. அனிஷாவின் நீல உதடு.

"அடப்பாவி! எம்புள்ள உசுருடா அது!"

அவர் அந்த விரலை மெதுவாகத் தன் வாய்க்குள் வைத்தார். டெய்சியின் கட்டைவிரல் அடிவரை ஈரமானது. சூடான நாக்கு. காவிப் பற்கள். பிறை இருக்கும் இடத்தில் அவர் கடித்தார். அவள் அலறினாள். அவர் மென்றார். விழுங்கினார்.

பிறகு கிண்ணத்தை நீட்டினார். உள்ளே இன்னும் நாலு கிடந்தன.

"சாப்புடுறியாம்மா?"

வலித்த விரலைத் தூக்கிப் பார்த்தாள் டெய்சி. ரத்தம் இல்லை. ரேகையும் இல்லை. தழும்பும் இல்லை. மெருகு போட்ட பீங்கானைப் போல வெறுமனே வழவழத்தது. எச்சில் மட்டும் மினுங்கியது.

தரையில் எறும்புச் சாரை ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி, அவள் காலில் ஏற ஆரம்பித்தது.