ஈரமுண்ணிக்கு ஒரு குடம்

நறுமுகை மொட்டைமாடியில் பிழிந்த வடாம், அவள் கொடியில் இருந்த துணியை மடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. அதுவும் கடலுக்குப் பக்கத்தில், கேளம்பாக்கத்தில். "வந்து பாருங்களேன், கலகலன்னு காய்ஞ்சிருக்கு," என்று கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பரிதிக்குப் பெருமை தாங்கவில்லை. இருக்காதா பின்னே? குடியிருப்போர் சங்கச் செயலாளராக நின்று ஈரமுண்ணிச் செடியை அந்தக் காலனிக்குக் கொண்டுவந்தவனே அவன்தான்.

அதற்கு முன்னால் அங்கே புல்வெளி இருந்தது. வாரம் இரண்டு லாரித் தண்ணீரைக் குடித்துவிட்டு, என்னை வெட்டு என்று வளர்ந்து நிற்கும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு ஈரமுண்ணியை நட்டார்கள். நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாது. இலையில் இருக்கும் நுண்மயிர்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் வேண்டாம், வெட்டவேண்டாம், திரும்பிக்கூடப் பார்க்கவேண்டாம். ஓரிரு வருடத்தில் வீட்டு வாசல், பூங்கா, சாலை நடுத்திட்டு என்று ஊர் முழுக்க அதுதான்.

அப்புறம் சென்னையில் வியர்ப்பது நின்றது. சட்டை முதுகில் ஒட்டவில்லை, ஜாடியில் உப்பு கட்டிதட்டவில்லை. கசகசப்பைத் திட்டித் திட்டியே வளர்ந்த ஜனங்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். இத்தனை ஈரமும் எங்கே போகிறது என்று ஒரு ஆள் கேட்கவேண்டுமே. எல்லோரும் வடாம் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. நறுமுகையின் ஐந்து மாதக் குழந்தை ஆதிரைக்கு உதடு வெடித்தது. பிறகு மூக்கில் ரத்தம். மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் வறட்டுச் சத்தம் கேட்டது. அறையில் ஈரத்துணி தொங்கவிட்டால், ஜன்னலுக்கு வெளியே இருந்த செடி அதையும் இழுத்துக்கொண்டது. "மருந்தால ஆகாது. காத்துல ஈரம் வேணும்," என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பரிதி கடப்பாரையை எடுத்தான். வேர் ஆளுயர ஆழத்துக்குப் போயிருந்தது. மண்ணில் தங்கிய துணுக்கெல்லாம் மறுநாளே துளிர்த்தன. செடியை உருவாக்கிய ஆய்வகத்துக்குப் போன் போட்டான்.

"இதை அழிக்க வழியே இல்லையா மேடம்?"

"யாரும் கவனிக்காமலே பிழைக்கணும்னுதான் சார் இதைச் செஞ்சோம். லேசில சாகாது," என்றாள் அந்த விஞ்ஞானி. அவள் தொண்டையும் கரகரத்தது. "வேருக்குத் தண்ணி ஊத்துங்க. வயிறு நிறைஞ்சா இலையை மூடிக்கும். கொஞ்ச நேரம் காத்தை விட்டுடும்."

ஊரே ஊற்றியது. வாரம் இரண்டு லாரி வந்த காலனிக்குத் தினமும் இரண்டு லாரி வந்தது. ஏரி அடிமண் தெரிந்ததும் அதுவும் போய், குடிக்கவும் புழங்கவும் சேர்த்து வீட்டுக்குத் தினம் ஒரு குடம் என்று ஆனது.

அன்று காலை குடத்தோடு வந்த பரிதி, ஒரு டம்ளர் மொண்டு மனைவியிடம் நீட்டினான்.

"முதல்ல நீ குடி. பால் வத்திப்போச்சுன்னு நேத்து அழுதியே."

"நான் இதுல பாதி குடிச்சுக்கறேன். மிச்சமெல்லாம் அதுக்கு ஊத்துங்க."

"நறு, உனக்கு இது எப்படிம்மா பத்தும்?"

"அது குடிச்சாத்தான் இவ மூச்சு விடறா. இவ படற பாட்டை என்னால பார்க்க முடியலைங்க."

ஜன்னலுக்குக் கீழே போய்க் குடத்தைக் கவிழ்த்தான். இலைகள் மெல்ல மூடிக்கொண்டன. சற்று நேரத்தில் உள்ளே குழந்தையின் இழுப்பு அடங்கியது. இந்தச் செடிக்காக வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதை நினைத்தபோது பரிதிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

நன்றாகக் குடித்த செடி சும்மா இருக்குமா? அடுத்த வாரமே ஐந்து விரல் உயரம் வந்து, சுவரோரமாகப் புதிதாகப் படர்ந்திருந்தது. அன்று குடம் முழுக்க ஊற்றியும் இலை மூடவில்லை. உள்ளே ஆதிரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நறுமுகை, தான் குடிக்க வைத்திருந்த அரை டம்ளர் தண்ணீரையும் ஜன்னல் வழியாக நீட்டினாள்.