பதினாலு மஞ்சள் புள்ளிகள்

ஆய்வுக்கூடப் புகார்களை விசாரிப்பது அண்ணியின் வேலை. அவளுக்கு உதவியாக இருந்த கொழுந்தனோ, வந்தவர் உட்காருவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடும் அவசரக்காரன். இதுவரை பிடித்ததெல்லாம் தப்பான ஆளைத்தான் என்பது வேறு விஷயம்.

அன்று வந்தவள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வாளர். தொட்டி நீரில் யாரும் அறியாத பாக்டீரியா ஒன்றைக் கண்டதாக அறிவித்திருந்தாள். அதைத் தனியாக வளர்த்துக் காட்டினால்தான் புது இனம் என்று ஏற்பார்கள். ஆறு முறை முயன்றும் வளரவில்லை.

"நான் காட்டின படமே பொய்னு எங்க சீனியர் இயக்குநர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டார் மேடம். அடுத்த வெள்ளிக்குள்ள வளர்த்துக் காட்டலேன்னா வேலை போயிடும்."

அண்ணி படத்தை வாங்கிப் பார்த்தாள். பாக்டீரியா வளர்க்கும் வட்டத் தட்டில் பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று, அதை ஒட்டிப் பதினாலு மஞ்சள் புள்ளிகள். மற்ற இடமெல்லாம் காலி.

"சீனியர்தான் தட்டுல எதையோ கலந்திருக்கார். பொறாமை, அண்ணி," என்றான் கொழுந்தன்.

"கொஞ்சம் பொறு தம்பி. ஏம்மா, இந்த வெள்ளை என்ன?"

"கலப்படம் மேடம். மஞ்சள்தான் என் பாக்டீரியா. அதை மட்டும் எடுத்து உறைய வெச்சுட்டு, வெள்ளையைத் தூக்கிப் போட்டுட்டேன்."

மறுநாள் நிலையத்தில் இயக்குநர், சீனியர், அந்தப் பெண் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தாள் அண்ணி.

"பொய்ப் படம் பண்றவங்க புள்ளிகளைத் தட்டு முழுக்க இறைச்சிருப்பாங்க. இங்க ஒண்ணுகூட வெள்ளையை விட்டு விலகலை. வெள்ளை கசியவிடுற ஏதோ ஒண்ணுலதான் மஞ்சள் பிழைக்குது. தனியா எடுத்து வெச்சதும் பட்டினி கிடந்திருக்கு. ஆறு தடவையும் அதை வளரவிடாம செஞ்சது இவங்களோட அதிகப்படியான சுத்தம்தான். வெள்ளை வளர்ந்த திரவத்தை வடிகட்டி, தட்டுல கலந்து பாருங்க. மஞ்சள் தனியாவே வளரணும்."

"வெள்ளைக்கு நான் எங்க போவேன்?" என்றாள் அந்தப் பெண்.

சீனியர் தொண்டையைச் செருமினார். "அந்தச் சனியன் என் தட்டு எல்லாத்துலயும் வந்து உயிரை வாங்குது. ஒரு அலமாரி நிறைய இருக்கு," என்றபடி அவரே எழுந்து போய் எடுத்து வந்தார். கொழுந்தனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தட்டை வெளியே எடுத்தார்கள். வெள்ளை துளியும் இல்லை.

"நீங்களே எண்ணுங்க சார்," என்றாள் அந்தப் பெண்.

சீனியர் இரண்டு முறை எண்ணினார். "நாப்பத்தொண்ணு," என்று சொல்லிவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பினார். "என் புகார் தப்பு. அதையும் எழுதியே கொடுக்கறேன்."

ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொடுங்க சார். இன்னிக்கே கொடுங்க."