முச்சந்தியில விழுந்த பிளாஸ்க்

வண்டிக்கு முன்னாடி ஒரு பொண்ணு கைய நீட்டிக்கிட்டு நின்னா எவனா இருந்தாலும் பிரேக் போடுவான். அவனும் போட்டான். கொட்டுற மழையில அவ குனிஞ்சா... ரோட்டுல கிடந்த ஒத்தச் செருப்ப எடுத்து, தண்ணிய உதறி, பையில போட்டுக்கிட்டா. அப்புறம்தான் நிமிர்ந்து பாத்தா.

கண்ணு... அதப் பத்தி அழகாச் சொல்ல அவனுக்கு வராது. இமையில மழைத்தண்ணி நின்னுச்சு, அவ சிமிட்டல. அவ்வளவுதான்.

"ஒத்தச் செருப்பத் தேடி யாருங்க வருவா?"

"இன்னொரு ஒத்தச் செருப்ப வச்சிருக்கறவங்க."

மேப் கம்பெனிக்காக ஆளில்லாத சின்ன ரோடுங்கள்ல வண்டி ஓட்டிப் பாத்து, இருக்கா இல்லையான்னு குறிக்கறது அவன் வேலை. போன வருஷம் 'முடிவு'ன்னு குறிச்ச ரோட்ட எல்லாம் இந்த வருஷம் உள்ள போயே பாக்கச் சொல்லியிருந்தாங்க. வருஷத்துல பாதி நாள் வண்டிதான் வீடு.

மழை விடற வரைக்கும் ஒதுங்குங்கன்னு அவ ஒரு கொட்டகையக் காட்டினா. உள்ள போனவன் அப்படியே நின்னுட்டான். அலமாரி முழுக்க வீல் கப்பு, குடை, காலிக் கூண்டு, நசுங்குன டிரம்பெட்டு. ஒவ்வொண்ணுலயும் நூல்ல கட்டின சீட்டு... எந்தத் தேதி, எந்த இடம்னு. அந்தப் பக்கம் போற வண்டியில இருந்து விழுந்ததெல்லாம் பதினோரு வருஷமா பொறுக்கி வைக்கறாளாம். பல்செட்டத் தேடி வந்த ஒருத்தர் இங்கயே மாட்டிக்கிட்டு சிரிச்சுக் காமிச்சாராம். வர்றவங்க பக்கத்துலயே இருக்கற அவ அண்ணன் பஞ்சர் கடையில காத்தும் பிடிச்சிட்டுப் போவாங்களாம்.

"இப்ப ஒருத்தரும் வர்றதில்ல," டீய அவன் கையில குடுத்தா. "எந்தப் புண்ணியவானோ மேப்புல ரோடு முடியுதுன்னு போட்டுட்டான். முச்சந்தியோட எல்லாரும் திரும்பிடறாங்க. இந்த மாசத்தோட கடையக் கட்டிட்டு டவுனுக்குப் போயிடலாங்கறான் அண்ணன். அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சான்..."

அப்பத்தான் அவன் அதப் பாத்தான். மூணாவது தட்டுல பச்சை பிளாஸ்க். மூடியில அவனே கீறின கோடு.

புல்லு மண்டின ரோடா இருந்தா, முச்சந்தியில நின்னே எட்டிப் பாத்துட்டு 'முடிவு'ன்னு அடிச்சிட்டுக் கிளம்பறது அவங்க ஆளுங்க வழக்கம். போன வருஷம் இதே மாதிரி மழை. அவனும் அதத்தான் செஞ்சான். வண்டியத் திருப்பறப்ப பிளாஸ்க் விழுந்திருக்கு.

வாயத் தொறக்காம இருந்தா போதும். இன்னைக்கு ரோடு இருக்குன்னு குறிச்சா கணக்கு தீந்துச்சு. அவளுக்குத் தெரியவே போறதில்ல. நல்லவனாவே அடிக்கடி வந்து போகலாம்...

"அது என்னோடதுங்க," ன்னான். "மேப்புக்கு ரோடு குறிக்கறதுதான் என் வேலை."

அவ சீட்டப் படிச்சா. முச்சந்தி, வண்டி திரும்பின தடத்துக்குப் பக்கத்துலன்னு அவளே எழுதினது. தேதியப் பாத்தா. அவனப் பாத்தா.

"அப்ப அந்தப் புண்ணியவான்..."

"நான்தான்."

அவன் கையில இருந்த டீ கிளாச வாங்கிக்கிட்டா. பாதிதான் குடிச்சிருந்தான்.

"மழை விட்டுடுச்சு, கிளம்புங்க."

மழை விடவே இல்ல.

அவன் அந்த ரோட்டுல கடைசி வரைக்கும் வண்டிய ஓட்டினான். பத்தொம்பது கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவையும் குறிச்சு, அன்னைக்கே ஆபீசுக்கு அனுப்பிட்டான். பிளாஸ்க் மட்டும் அலமாரியிலயே இருந்துச்சு.

ஒம்போது நாள் கழிச்சு வந்தப்ப பஞ்சர் கடை வாசல்ல ரெண்டு வண்டி நின்னுச்சு. அண்ணன்காரன் டயர்ல இருந்து தலையத் தூக்காமலே, காத்து அடிக்கணுமான்னு கேட்டான். இல்லன்னு தலையாட்டிட்டு இவன் கொட்டகைக்குள்ள போனான்.

"பொருளத் தேடி வந்தாச்சுல்ல, எடுத்துட்டுப் போங்க," ன்னா அவ, திரும்பாம.

"எடுத்துட்டா அப்புறம் வர்றதுக்குக் காரணம் இருக்காது. எத்தனையோ ரோடு பாத்துட்டேங்க. திரும்பி வரணும்னு எங்கயும் தோணினதில்ல. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

அவ பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. ரொம்ப நேரம் வரல. முடிஞ்சுதுன்னு அவன் வாசப் பக்கம் திரும்பறப்ப, பிளாஸ்க்கக் கொண்டாந்து கையில வச்சா. கனமா, சூடா இருந்துச்சு.

"அன்னைக்குப் பாதியில வாங்கிட்டேன்ல..." கண்ணு வேற எங்கயோ பாத்துச்சு. "குடிச்சிட்டு, பிளாஸ்க்க இங்கயே வச்சிட்டுப் போங்க."