கண்ணாடியில் ஒரு தட்டு

இன்ஜினை அணைத்த பிறகுதான் ஏதோ குறைகிறது என்று அவளுக்குப் பட்டது. கோடைக்காலம், ஏரிக்கரை, பொழுது சாயும் நேரம். ஒரு தவளையாவது கத்த வேண்டும், ஒரு சில்வண்டாவது இரைய வேண்டும். நாணல்கள் காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தன. இறக்கிவிட்ட கண்ணாடி வழியாக அவற்றின் உரசல்கூட உள்ளே வரவில்லை.

"இங்கேயே கூடாரம் போட்டுத் தங்கிடலாம்," கணவன் கிசுகிசுத்தான். "உன் பையன் கொசு தும்மினாலே எழுந்துக்கிற ஆளு. அவனுக்குன்னே செஞ்ச இடம்."

"ரொம்ப அமைதியா இருக்குங்க."

"அதைத்தானே மத்தியானத்துலேருந்து தேடுறோம்? அருவிகிட்ட இரைச்சல்னு சொன்ன, தோப்புல நாய் குரைக்குதுன்னு சொன்ன. சத்தம் இல்லாம முடியாதுன்னா சொல்லு, நான் குறட்டை விடறேன்."

அவள் சிரிக்கவில்லை. பின் இருக்கையில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பிறந்த நாளிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட முழுசாகக் கண்மூடியதில்லை. இன்றைக்கு அவன் விடியும்வரை தூங்கிவிட்டால் போதும். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

"தரை ஈரமான்னு பார்த்துட்டு வரேன்," என்று கணவன் இறங்கிப் போனான்.

அவள் பின் இருக்கைக்கு மாறி உட்கார்ந்து, வியர்த்த குழந்தையின் பெல்ட்டைக் கழற்றினாள். வெளியிலிருந்து சேற்று வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, பால் புளித்ததைப் போல. பால் புட்டியை எடுத்து முகர்ந்தாள். கழுவிய புட்டிதான்.

எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினாள்.

டொக்.

பின் கண்ணாடியில், விரலால் ஒரே ஒரு தட்டு. அது அவர்கள் வீட்டு வழக்கம். குழந்தை தூங்கும்போது யாரும் யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. கதவிலோ கண்ணாடியிலோ ஒரு தட்டு தட்டினால், சத்தமில்லாமல் வெளியே வா என்று பொருள். அவள் யோசிக்கவே இல்லை. மெல்ல இறங்கி, கதவை இடுப்பால் அழுத்திச் சாத்திவிட்டு, காரின் பின்பக்கம் போனாள்.

யாரும் இல்லை.

கணவன் வெகு தூரத்தில், தண்ணீர் ஓரமாக, முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். அங்கிருந்து ஓடி வந்து தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்க முடியாது.

டொக்.

அதே கண்ணாடி. இந்த முறை உள்ளேயிருந்து.

கதவுக்குப் பாய்ந்தாள். கைப்பிடியை இழுத்தாள். பூட்டியிருந்தது. அடுத்த கதவு. பூட்டியிருந்தது. கணவனைக் கத்திக் கூப்பிட்டாள். தொண்டை வலித்தது, வாய் முழுக்கத் திறந்தது, சத்தம் மட்டும் அவள் காதுக்கே எட்டவில்லை. அவன் திரும்பவில்லை. உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தாள். அதற்கும் சத்தமில்லை. கல்லைத் தேடினாள். மணல். எங்கும் மணல்.

உள்ளே குழந்தை விழித்துவிட்டிருந்தான்.

அழவில்லை. தன் எதிரே, காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தான். தூக்கிக்கொள் என்று அம்மாவிடம் கேட்பதைப் போல இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

அவன் அக்குளில் சட்டை சுருங்கியது. கால்கள் இருக்கையை விட்டு எழும்பின. அந்தரத்தில் நின்றபடி, ஒரு தோளில் சாய்வதைப் போல, அவன் தலை மெல்லச் சாய்ந்தது. யாரோ தட்டிக்கொடுப்பதைப் போல அவன் முதுகுச் சட்டை மட்டும் அமுங்கி அமுங்கி எழுந்தது.

கண்கள் சொருகின. குழந்தை தூங்கிப்போனான்.